பண்ணைத் தச்சு மூன்று

ஹோசியா கிளாண்டன் ஒரு சனிக்கிழமை வந்தார். சனிக்கிழமைகளில் பதிவாளர் அலுவலகம் பன்னிரண்டு மணி வரைதான். அவர் வந்தபோது பதினொன்றரை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

அவர் முகம் எனக்குப் புதிது. பெயர் தெரியும். 1936இல் கறுப்பர்களுக்கான எங்கள் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பக்கத்து மாவட்டத்தில் கறுப்பர் உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடமாகக் கணக்கு வாத்தியார். கணிதத்தில் முதுகலை படிக்க வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய மதிப்பெண் பட்டியலை ஜனவரியில் நான்தான் அனுப்பினேன். எங்கள் கல்லூரியில் அப்போது முதுகலை கிடையாது. மாநிலத்தில் முதுகலை இருந்த இடங்கள் வெள்ளையருக்கானவை; அங்கே எங்களுக்கு இடம் கிடையாது. நாங்கள் அந்த வாசல்களைத் தட்டாமல் இருப்பதற்காக, வடக்கே போகிறவர்களுக்கு மாநிலமே ரயில் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் கொடுத்துக்கொண்டிருந்தது. 1956இல் நிலைமை அதுதான்.

கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். விண்ணப்பதாரரின் பட்டியலில் இயற்கணிதத்துக்கு மேல் கணிதம் எதுவும் காணப்படவில்லை. தச்சுத் தொழிலில் மூன்று பருவங்கள் பயின்றிருக்கிறார். இந்தத் தகுதியில் இடம் தர இயலாததற்கு வருந்துகிறோம். வேறு சான்று ஏதும் இருந்தால் கல்லூரி முத்திரையுடன் ஏப்ரல் பதினைந்துக்குள் வந்து சேர வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் டீன் கையெழுத்திட்டிருந்தார்.

அன்று மார்ச் பதினேழு.

"நீங்க சீட்டு வைக்கலையா, மிஸ் பாஸ்கம்?" என்று கேட்டார்.

"எந்தச் சீட்டு?"

அவர் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

நான் டென்னஸியிலிருந்து வந்தவள். எனக்கு முன் முப்பது வருடம் பதிவாளராக இருந்தவர் யூலலி ஸ்ட்ரௌட். எல்லோரும் அவரை மிஸ் யூலலி என்றுதான் சொல்வார்கள். 1952இல் ஒரு திங்கட்கிழமை காலை மேஜையிலேயே தலை சாய்ந்துவிட்டார். யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை. நான் வந்து பதிவேடுகளைத் திறந்தபோது ஒரு மைக்கறை கிடையாது. அவற்றில் இருந்ததை அப்படியே நகலெடுத்து அனுப்புவதுதான் என் வேலை என்று நினைத்தேன். அப்படியே அனுப்பவும் செய்தேன்.

ஹோசியா தணிந்த குரலில் சொன்னார். சொல்லும்போது தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

1922இல் மாநிலக் கல்வி வாரியம் ஓர் உத்தரவு போட்டது. எங்கள் கல்லூரியில் லத்தீன், கிரேக்கம், உயர் கணிதம் எதுவும் இருக்கக் கூடாது. விவசாயம், தச்சு, சலவை, சமையல், கோழி வளர்ப்பு போதும். அப்போதிருந்த கல்லூரித் தலைவர் உத்தரவை ஏற்றுக்கொண்டு நன்றிக் கடிதமும் எழுதினார். பிறகு ஆசிரியர்களைக் கூப்பிட்டு, பாடங்களை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் நீக்கச் சொன்னார். அடுத்த வருடக் கையேட்டில் லத்தீன் சலவை என்று வந்தது. கிரேக்கம் கோழி வளர்ப்பு. நுண்கணிதம் பண்ணைத் தச்சு மூன்று.

பெயர் மட்டும் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். நுண்கணிதம் தச்சுக்கூடத்தில் நடந்தது. கரும்பலகையைப் புரட்டினால் பின்பக்கம் ஒரு கொட்டகைக் கதவின் படம், அளவுகளோடு. வாரியத்தின் கார் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் சலவைக்கூடத்தின் ஆவி விசில் இரண்டு முறை ஊதும். பலகை புரளும். நோட்டுகள் மரத்தூளுக்குள் போகும். வகுப்பில் இருக்கும் பதினான்கு பேரும் இழைப்புளியைக் கையில் எடுப்பார்கள். சலவைக்கூடத்தில் பெண்கள் வேற்றுமை உருபுகளைச் சொல்லிக்கொண்டே இஸ்திரி போடுவார்கள். ஆய்வாளர் உள்ளே நுழைந்ததும் அதே மெட்டில் தோத்திரப் பாட்டுக்கு மாறிவிடுவார்கள்.

தச்சுக்கூடத்தில் ஒரு மேஜை இருந்தது. ஒவ்வொரு ஆய்வின்போதும் அதைத்தான் இழைப்பார்கள். பதினோரு வருடம் அதே மேஜை.

"நான் வர்றப்ப அது ரொம்ப மெலிஞ்சு போச்சு. ஒரு மைப்புட்டியை வைக்கவே பயமா இருக்கும். ஆய்வாளர் அறிக்கையில என்ன எழுதினார் தெரியுமா? இந்தப் பசங்க மெதுவு, ஆனா பொறுமைசாலிங்கன்னு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வடக்கே யாராவது மேலே படிக்கப் போனால் மிஸ் யூலலி பட்டியலுக்குள் ஒரு சிறிய சீட்டை வைப்பார். பண்ணைத் தச்சு மூன்று என்பதை நுண்கணிதம் என்று வாசிக்கவும். சலவை இரண்டு என்பதை சீசரின் லத்தீன் உரைநடை என்று வாசிக்கவும். அவ்வளவுதான். கையெழுத்து இருக்காது. முத்திரை இருக்காது. வடக்கே உள்ளவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள். 1941இல் வாரியம் கணிதத்தையும் மொழிகளையும் அனுமதித்தது. அதற்குப் பிறகு படித்தவர்களின் பட்டியலில் பொய் கிடையாது. அதற்கு முன்னால் படித்தவர்களுக்கு மட்டும் சீட்டு தேவைப்பட்டது.

"எல்லாருக்கும் தெரியும், அதனால உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். தப்பு என்னுது. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்," என்றார்.

தப்பு என்னுடையது. அவர் போன பிறகு பதிவேட்டை எடுத்து, என்னுடைய நான்கு வருடத்தில் எத்தனை பழைய பட்டியல்களை வடக்கே அனுப்பினேன் என்று பார்த்தேன். ஹோசியாவைச் சேர்த்து எட்டு. அலுவலகத்தைப் பூட்ட இரண்டு மணி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை கல்லூரித் தலைவரைப் பார்த்தேன்.

டாக்டர் ஆம்ப்ரோஸ் பெட்டவேக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி நான் பார்த்ததில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். இடையில் ஒரு முறை எழுந்து ஜன்னலை மூடினார்.

மிஸ் யூலலியின் சீட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, பழையவர்கள் வடக்கே போவது நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். ஒரு சீட்டு எழுதி அனுப்பிவிடலாம் என்றார்.

டீன் முத்திரை கேட்கிறார் என்றேன்.

"சீட்டோட பலமே அதுல முத்திரை இல்லாததுதான், மிஸ் பாஸ்கம். யாராவது கேட்டா, நாங்க அப்படி ஒண்ணும் அனுப்பலையேன்னு சொல்லிடலாம். முத்திரை போட்டுட்டா சொல்ல முடியாது."

மே மூன்றாம் தேதி வாரியம் கூடுகிறது. எங்களுக்கு முதுகலைப் படிப்புகள் தரலாமா என்று அன்றைக்கு வாக்கெடுப்பு. ஆறு வருடமாக அவர் அதற்காக அலைந்திருந்தார். நூலகத்தில் புத்தகங்களைக் கூட்டினார். ஆசிரியர்களைப் பட்டத்துக்கு அனுப்பினார். வாரியத்தின் ஒன்பது பேரில் ஐந்து பேரை, ஒவ்வொருவராக, அவரவர் வீட்டுப் பின்வாசலில் நின்று பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். ஒரே கல்லூரியிலிருந்து ஒரே மாணவனுக்கு ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு பட்டியல் போனால் அந்த டீன் என்ன செய்வார்? வாரியத்துக்கு எழுதிக் கேட்பார். பத்தொன்பது வருடம் வாரியத்தை ஏமாற்றினோம் என்று நாமே முத்திரை போட்டு எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

"நான் டீன் இடத்துல இருந்தாலும் அதைத்தான் செய்வேன்," என்றார்.

ஹோசியாவுக்கு ஒரு வழியும் சொன்னார். கோடையில் இங்கே வரட்டும். நுண்கணிதத்தை மறுபடி எழுதிக்கொள்ளட்டும். கட்டணம் வேண்டாம். அடுத்த வருடம் சரியான பெயரோடு அனுப்பலாம்.

"படிச்சதையே திரும்பப் படிக்கச் சொல்றீங்க, சார்."

"ஒரு வருஷம்தானே."

"அவருக்கு நாப்பத்திரண்டு வயசு."

நான் எழுந்தேன். கதவருகே போய்ச் சொன்னேன்: "அந்த வகுப்பை எடுத்தது யாருன்னு பதிவேட்டுல இருக்கு."

"தெரியும்," என்றார். "நான்தான்."

முத்திரை என் அறையில்தான் இருந்தது. இரும்பு நெம்புகோல் வைத்தது, ஒரு அழுத்தில் தாளில் எழும்பி நிற்கும். அதை நானே போட்டு அனுப்பலாம் என்று அந்த வாரம் இரண்டு முறை நினைத்தேன். ஆனால் ஒரு விதி இருந்தது. பதிவேட்டில் ஏறிய பாடத்தையோ மதிப்பெண்ணையோ அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் தவிர வேறு யாரும் திருத்த முடியாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி அது. அதற்கென்று ஒரு படிவமும் இருந்தது.

வியாழக்கிழமை பள்ளி முடிந்த பிறகு ஹோசியாவின் வீட்டுக்குக் காரில் போனேன். இதைக் கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் மனைவி வெர்லீன் பட்டர் பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் வைத்திருந்தார். சாப்பிடாமல் எதையும் சொல்லவிடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். ஹோசியா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்லீன்தான் பேசினார்.

"கோடையில போய் உக்காரணுமா? இவர்கிட்ட படிச்ச பசங்க அங்க படிக்கறாங்க. அதுங்க பக்கத்துல உக்காந்து காப்பியடிக்கச் சொல்றாரா உங்க டாக்டர்?"

"வெர்லீன்," என்றார் ஹோசியா.

"என்ன வெர்லீன்? முப்பத்தெட்டுல ஒரு தடவை விண்ணப்பம் எழுதினார் இந்த மனுஷன். ஸ்டாம்ப் ஒட்டி வெச்சிருந்தார். போடவே இல்ல. இன்னும் அந்த டிராயர்ல இருக்கு. ஏன் போடலன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. ஹோசியாவே சொன்னார்.

பண்ணைத் தச்சு மூன்றில் அவருக்குக் கிடைத்தது சி. மற்ற கணக்குப் பாடங்களிலெல்லாம் ஏ. இயற்கணிதம் சரியாக வந்தது, வடிவியல் சரியாக வந்தது, நுண்கணிதத்தில் சி வந்தபோது தன் மூளை அதோடு முடிந்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார். உயர்நிலைப் பள்ளிக்கு அது போதும். அதற்கு மேல் போக ஆசைப்படுவது வெட்கக்கேடு. வருடங்கள் போன பிறகு, வீட்டில் தானே புத்தகங்களை வாங்கிப் போட்டுப் பார்த்தபோது கணக்குகள் வந்தன. அப்போதும் நம்பவில்லை. போன வருடம்தான் துணிந்தார்.

"எங்கப்பா தச்சர்," என்றார். "இந்த மாவட்டத்துல பாதி வீட்டுக்கு அவர்தான் கதவு போட்டார். நான் தச்சுல சி வாங்கிட்டு வந்து நின்னேன். அவர்கிட்ட அது தச்சு இல்லன்னு சொல்ல முடியாது. ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே தெரியும்னு எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. சாகற வரைக்கும் சர்ச்சுக்கு வெளிய நின்னு சொல்லிச் சிரிப்பார். என் மகன் காலேஜ் போய் தச்சு படிச்சான், அங்கயும் சி-ன்னு."

வெர்லீன் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் கிளம்பும்போது ஹோசியா காருக்கு அருகில் வந்தார். டாக்டர் பெட்டவேயைத் தானே ஒருமுறை பார்க்க வேண்டும், நேரம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். வாங்கித் தருகிறேன் என்றேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு நேரம் கிடைத்தது. நானும் கூட இருக்க வேண்டும் என்று டாக்டர் பெட்டவே சொன்னார். அவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஹோசியாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாரியத்து ஆட்கள் வந்தால்கூட அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பேராசிரியரை இங்கே மாணவர்கள் ஃபெஸ் என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். ஹோசியா இன்னமும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் கெஞ்சவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் போவதாகச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"மிஸ் பாஸ்கம் ரொம்ப வருத்தப்படறாங்க. அவங்க வருத்தப்பட வேண்டாம்னு உங்க முன்னாலயே சொல்லிடறேன், ஃபெஸ். மே மூணாம் தேதி விஷயம் எனக்குத் தெரியும். இங்க முதுகலை வந்தா என் பசங்க நூறு பேர் படிப்பாங்க. எனக்காக அதை ஆபத்துல விட வேண்டாம். பேர மாத்தி அனுப்பினாலும் என்ன? நுண்கணிதம்னு இருக்கும், பக்கத்துல சி இருக்கும். அந்த டீன் அதையும் பார்ப்பார்தானே. சி வாங்கினவனுக்காக இவ்வளவு வேண்டாம்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காரு, ஹோசியா," என்றார் டாக்டர் பெட்டவே.

ஹோசியா உட்கார்ந்தார். டாக்டர் பெட்டவே மேஜைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வாத்தியக்குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

"அது சி இல்ல," என்றார் டாக்டர் பெட்டவே.

பிறகு சொன்னார். 1935 வசந்தத்தில் புது ஆய்வாளர் ஒருவர் வந்தார். முந்தையவரைப் போல அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. மதிப்பெண் ஏடுகளைக் கேட்டார். பதினான்கு பேர், எல்லோருக்கும் ஏ, பி. தச்சுக்கூடத்தில் இருப்பது ஒரே ஒரு மேஜை, அதுவும் முடியவில்லை. இத்தனை நல்ல தச்சர்கள் ஒரு வருடமாக என்ன செய்தார்கள் என்று கேட்டார். அன்று மாலை அப்போதைய தலைவர் இளம் ஆசிரியர் பெட்டவேயைக் கூப்பிட்டு, மூன்று பேருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னார். பார்க்கத் தச்சு வகுப்பு மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

"யாரைக் குறைச்சா தாங்குவாங்கன்னு பார்த்தேன். மத்த பாடமெல்லாம் பலமா இருக்கறவனா இருக்கணும். உன்னைப் பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே, ஃபெஸ்."

"சொல்லணும்னுதான் இருந்தேன். வருஷக் கடைசி. நீ ஊருக்குப் போயிட்ட."

"அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் இங்கதான் இருந்தேன்."

"ஆமா," என்றார் டாக்டர் பெட்டவே. "இருந்த."

ஹோசியா எழுந்து ஜன்னலுக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். நடந்தால் சத்தம் கேட்கும் என்று இருந்துவிட்டேன். அவர் இருபத்தோரு வருடம் என்றார், எங்களிடம் அல்ல. பிறகு திரும்பினார்.

"நிஜமா எவ்வளவு வாங்கினேன்?"

"தொண்ணூத்தாறு."

"நாலு எங்க போச்சு?"

டாக்டர் பெட்டவே உடனே சொன்னார். கடைசிக் கேள்வி. தொகையீட்டில் எல்லைகளை மாற்றாமல் விட்டுவிட்டாய். வழிமுறை முழுவதும் சரி. ஹோசியா கொஞ்சம் யோசித்தார். பிறகு, நான்கு அதிகம், இரண்டுதான் குறைத்திருக்க வேண்டும் என்றார். அப்போது அந்த அறையில் மூச்சு விட முடிந்தது.

என் பக்கம் திரும்பி டாக்டர் பெட்டவே கேட்டார், "அந்தப் படிவம் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொண்டு வரவில்லை. என் அறைக்குப் போய் எடுத்து வந்தேன். வரும்போது முத்திரையையும் எடுத்து வந்தேன். கனமாக இருந்தது, இரண்டு கையாலும் தூக்கி வந்தேன்.

திருத்தப் படிவம் ஒரு பக்கம்தான். மாணவர் பெயர். பதிவேட்டில் உள்ள பாடப்பெயர். சரியான பாடப்பெயர். பதிவேட்டில் உள்ள மதிப்பெண். சரியான மதிப்பெண். ஆசிரியர் பெயர், கையெழுத்து, தேதி. எல்லாவற்றையும் தன் பேனாவால் தானே நிரப்பினார். பண்ணைத் தச்சு மூன்று. நுண்கணிதம். சி. ஏ. அவரே நடத்திய பண்ணைத் தச்சு ஒன்றுக்கும் இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் நிரப்பினார்.

கடைசி வரியில் காரணம் என்று இருந்தது. அங்கே பேனா நின்றது. வாரியம் என்று எழுதலாம், உத்தரவு என்று எழுதலாம், 1922 என்று எழுதலாம். எதை எழுதினாலும் உண்மைதான்.

ஆசிரியர் தவறு என்று எழுதினார்.

"ஃபெஸ், அது மட்டும் காரணம் இல்லையே," என்றார் ஹோசியா.

"இந்தப் படிவத்துல நான் திருத்தறது அதை மட்டும்தான்."

நான் முத்திரையை அழுத்தினேன். மற்ற இரண்டு சி யார் யாருக்கு என்று கேட்டேன். பெயர்களைச் சொன்னார், யோசிக்காமல். ஒருவர் போரில் இறந்துவிட்டார். இன்னொருவர் கிளீவ்லாந்தில் தபால் அலுவலகத்தில் வேலை செய்தார். அவர்களுக்கும் படிவம் கொண்டு வரச் சொன்னார். இறந்தவருக்குமா என்றேன். இறந்தவருக்கும் என்றார்.

பட்டியல் மறுநாள் பதிவுத் தபாலில் போனது. நான் சீட்டு வைக்காமல் விட்ட மற்ற ஏழு பேருக்கும் தனியாகக் கடிதம் எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், இப்போது தேவையில்லை, ஆனாலும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். சலவை இரண்டு படித்த ஒரு பெண் தன் பதிலை லத்தீனில் எழுதியிருந்தார். அதைப் படிக்க எனக்கு மொழித் துறைக்குப் போக வேண்டியிருந்தது.

டாக்டர் பெட்டவே எதிர்பார்த்தபடியே டீன் வாரியத்துக்கு எழுதினார். மே மூன்றாம் தேதி டாக்டர் பெட்டவே தலைநகருக்குப் போய் நாள் முழுவதும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு ஒரு எழுத்தர் வந்து, முதுகலை விஷயம் ஒத்திவைக்கப்பட்டது என்றார். காரணம் சொல்லவில்லை. டீனின் கடிதம்தான் காரணமா, எப்படியும் ஒத்திவைத்திருப்பார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் திரும்பி வந்து அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மறுநாள் பத்து மணிக்கு வழக்கம்போல ஆசிரியர் கூட்டம் நடத்தினார். முதுகலை 1959இல்தான் வந்தது. இன்று வாசல் பலகையில் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது; முனைவர் பட்டமும் தருகிறார்கள். அந்த மூன்று வருடத்தில் படிக்க முடியாமல் போனவர்களில் சிலரை எனக்குப் பெயர் சொல்லத் தெரியும்.

மே ஒன்பதாம் தேதி ஹோசியாவுக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மாநில உதவி கிடைக்கவில்லை. பட்டியல்கள் முரண்படுகின்றன என்று அந்த அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. அவர் காரை விற்றார். வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆகஸ்டு கடைசியில் ஹோசியா பஸ்ஸில் கிளம்பினார். போவதற்கு முன்பு அலுவலகத்துக்கு வந்து விடைபெற்றார். டாக்டர் பெட்டவே அன்று ஊரில் இல்லை. சொல்லிவிடுங்கள் என்றார். அவர் முழுவதும் மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

ஜனவரியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பனி பற்றி நாலு வரி, விடுதிச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று ஒரு வரி. முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் ஏ, பகுப்பாய்வில் பி. அந்த பியைப் பற்றித்தான் மீதிக் கடிதம் முழுவதும். வகுப்பில் அதற்கு மேல் யாரும் வாங்கவில்லையாம். பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுதியிருந்தாராம். 'நான் எங்கே தவறினேனோ அங்கேதான் மதிப்பெண் குறைந்திருக்கிறது. இந்த பி முழுக்க என்னுடையது. ஃபெஸ்ஸிடம் காட்டுங்கள்' என்று முடித்திருந்தார்.

காட்டினேன். டாக்டர் பெட்டவே நின்றபடி படித்தார். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மதியம் உணவுக்கூடத்தில் கணிதத் துறை ஆசிரியர்கள் உட்காரும் மேஜைக்கு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனாராம். அங்கே அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஹோசியா கிளாண்டன் பி வாங்கியிருக்கிறான் என்றாராம். அங்கே இருந்தவர்களுக்கு அது ஏன் ஒரு செய்தி என்று விளங்கவில்லை. ஒருவர் மட்டும், அடுத்த தடவை ஏ வாங்கட்டும் சார் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

"வேண்டாம்," என்றாராம் டாக்டர் பெட்டவே. "அவன் வாங்கறது எதுவோ, அதுவே வரட்டும்."